லேட்டு கிராணியும் கூடிப்போன தண்ணீரும்

"...தண்ணி குறையல தொரை, கூடியிருக்கு. ஐஸைத் திருடுறவன் போகும்போது நாலரை ராத்தல் தண்ணியை வச்சுட்டா போவான்? நீங்களே சொல்லுங்க."

இப்படிக் கேட்டவர் லேட்டு கிராணி; கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. கேட்ட இடம் கோலாலம்பூர் ஸ்டேஷனில் டிராபிக் துரையின் அறை. துரையின் மெருகு போட்ட மேசை மேல் இரண்டு மண்ணெண்ணெய் டின்கள். இரண்டிலும் விளிம்பு தளும்ப ஐஸ் உருகிய தண்ணீர். துரை டின்னைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார், மறுபடி டின்னைப் பார்த்தார். எது முதலில் வழியும் என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது.

அந்த அறைக்குள் நானும் ஒரு மூலையில் சாட்சியாக நின்றேன். அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்வதற்கு முன் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மலாய் நாட்டில் ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல் ஒரு தரம்கூடத் தாமதமாக வராத ஒரே ஆசாமி லேட்டு கிராணிதான். வண்டி தாமதமாகும், துரை தாமதமாவார், தீபாவளிக்கு வரவேண்டிய ஊர்க் கடிதம் பொங்கலுக்கு வரும். இவர் மட்டும் பார்சல் ஆபீஸ் கதவு திறப்பதற்குக் கால் மணி முன்னால் வந்து, கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்டவருக்கு லேட்டு என்று பேர் வைத்த பாவி நான்தான். அப்போது நான் அதே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கிராணி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே மெஸ், அடுத்தடுத்த கட்டில்.

பேருக்குக் காரணம் ஒரு புத்தகம். பத்து ரோட்டில் பழைய புத்தகம் விற்பவரிடம் அதை வாங்கி வந்தார். சூட்டைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம். அட்டை கிடையாது, முதல் இரண்டு பாடம் கிடையாது. மிச்சத்தில் பாதி கரையானுக்குப் போக, இவருக்குக் கிடைத்த முதல் பக்கத்தில் 'லேட்டன்ட் ஹீட்' என்று தலைப்பு. அதில் முதல் சொல்லின் கடைசி இரண்டு எழுத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது 'லேட் ஹீட்'.

ரயில்வே ஆளுக்கு லேட் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாளில் பாடத்தை விழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதைக் கேளு. ஐஸுக்குச் சூடு ஏத்துறோம். முப்பத்திரண்டு டிகிரி பாரன்ஹீட்டுல வண்டி நின்னுடுது. எவ்வளவு நெருப்பு வச்சாலும் தெர்மாமீட்டர் அசையாது. வண்டிதான் நிக்குதே, ஒண்ணும் நடக்கலன்னு நாம நினைக்கிறோம். ஆனா பிளாட்பாரத்துல சூடுங்கிற ஆளு ஏறிக்கிட்டே இருக்கான். ஒரு ராத்தல் ஐஸுக்கு நூத்தி நாப்பத்து நாலு பேரு. கடைசி ஆளு ஏறி, ஐஸ் பூரா தண்ணியானப்புறம்தான் வண்டி கிளம்பும். சூடு வந்துடுச்சு, ஆனா லேட்டாத்தான் தெரியும். அதான் லேட் ஹீட்."

"தண்ணி கொதிச்சு ஆவியாறதுக்கு?"

"அது ஜங்ஷன். இருநூத்துப் பன்னெண்டு டிகிரியில நிக்கும். ராத்தலுக்குத் தொள்ளாயிரத்து எழுபது பேர் ஏறணும்."

"அப்ப அது தைப்பூசத்துக்குப் பத்து மலை போற வண்டி."

"சரியாச் சொன்ன. ஆனா ஒண்ணு. அந்த ஆவி எங்கயாச்சும் குளிர்ந்து திரும்பத் தண்ணியாச்சுன்னு வையி, தொள்ளாயிரத்து எழுபது பேரும் ஒரே நேரத்துல குதிச்சு இறங்குவாங்க. எதிர்ல நிக்கிறவன் கதி அதோ கதிதான்."

மெதடிஸ்ட் பள்ளி வாத்தியார் ஒருவர் எங்கள் மெஸ்ஸுக்குச் சாப்பிட வருவார். அவர் நல்ல மனதோடு திருத்தினார். "அது லேட் இல்ல கிராணி, லேட்டன்ட். மறைஞ்சிருக்கிற சூடுன்னு அர்த்தம்."

"மறைஞ்சிருந்தா அது திருட்டுச் சூடு வாத்தியாரே. இது யோக்கியமான சூடு. கொஞ்சம் லேட்டா வருது, அவ்வளவுதான். கரையான் சரியாத்தான் திருத்தியிருக்கு."

அதோடு விடவில்லை. புத்தகத்தில் கரையான் வாய் வைக்காத பக்கங்களில் அந்தச் சொல் எங்கெல்லாம் முழுசாக இருந்ததோ, அங்கெல்லாம் கடைசி இரண்டு எழுத்தைப் பென்சிலால் அடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கஷ்டகாலம். மெஸ்ஸில் சோறு கொதிக்க ஆரம்பித்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து அடுப்பிலிருந்து விறகை உருவுவார். சமையல்காரர் அய்யாவு கரண்டியோடு எதிரே நிற்பார்.

"கொதி வந்தாச்சு அய்யாவு. இனிமே எத்தனை கட்டை வச்சாலும் தண்ணி இருநூத்துப் பன்னெண்டைத் தாண்டாது. மிச்ச விறகெல்லாம் கூரைக்குப் போற ஆவிக்குத்தான்."

"ஆவிக்கும் பசிக்கும்ல, விடுங்க கிராணி."

"அரை விறகு போதும்னு சொல்றேன்."

"அரை விறகுல ஆக்கினா அரை வேக்காடு. உங்களுக்குத் தனியா ஆக்கிப் போடுறேன், தெர்மாமீட்டரைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க."

மூன்று மாதம் இந்தச் சண்டை நடந்தது. பிறகு ஒரு நாள் அய்யாவு பாதி விறகில் ஆக்குவதை நான் பார்த்துவிட்டேன். கேட்டால், "இந்த மாசம் விறகு நல்ல விறகு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெயில் நாளில் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு, அதன் மேல் கோட்டை மாட்டி ஆபீசில் உட்காருவார். ஒரு ராத்தல் தண்ணீர் உடம்பில் காய்ந்தால் ஆயிரம் பேருக்கு மேல் சூட்டை ஏற்றிக்கொண்டு போகிறதாம். தலைமைக் கிராணி ஒரு நாள் ஈரக் கடிதம் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "உங்க ஆயிரம் பேர்ல நாலு பேர் என் கடிதாசு மேல இறங்கிட்டாங்க. கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?"

இவர் தோற்றது ஒரே இடத்தில்தான். கோயிலில் தட்டோடு வந்த குருக்களை நிறுத்தி, "குருக்களே, ஐஸ் தண்ணியாகி அப்புறம் ஆவியாகுது. டப்பாவுல வச்ச கற்பூரம் தண்ணியாகாமலே மறைஞ்சுடுது. நடுவுல எந்த ஸ்டேஷன்லயும் நிக்கறதில்ல, கவனிச்சீங்களா?" என்று கேட்டார். பின்னால் நாற்பது பேர் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் காத்திருந்தார்கள். குருக்கள் அசரவில்லை. "அது நேரா சாமிகிட்ட போறது கிராணி. நடுவுல அதுக்கென்ன வேலை?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இவர் அன்று இரவே குருக்கள் சொன்னதைத் தன் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டு வைத்தார்.

இனி ஐஸ் விவகாரம்.

ரப்பர் விலை தரையில் விழுந்து, வேலை போனவர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ரயில்வேயிலும் ஆட்குறைப்பு. யார் மேல் எந்தத் தப்பு கிடைக்கும் என்று மேலே பேனாவைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரம் பார்த்து ஐஸ் குறைய ஆரம்பித்தது.

தினமும் காலை வண்டியில் கிள்ளான் மீன் கடைத் தவுக்கே ஒருவருக்கு, அதாவது சீன முதலாளிக்கு, முந்நூறு ராத்தல் ஐஸ் போகும். வழியில் முப்பது உருகும். இருநூற்றெழுபது போய்ச் சேரும். இது வழக்கம். திடீரென்று ஒரு நாள் இருநூற்று முப்பதுதான் சேர்ந்தது. மறுநாளும் அப்படியே. பத்து நாளும் அப்படியே. தவுக்கே தராசைக் காட்டி, "ஆயர் பத்து மானா?" என்று கத்தினார். ஐஸ் எங்கே என்று மலாயில் கேட்கிறார். ஐஸுக்கு மலாயில் ஆயர் பத்து, கல்லுத் தண்ணி என்று பேர். கிள்ளான் ஸ்டேஷனில் இருந்த நம்மாள் ஒருவர், "இவன் பத்துதான் கேக்கறான், இருநூத்தி முப்பது வந்திருக்கே, அப்புறம் என்ன கோபம்?" என்று கேட்டாராம். தவுக்கே புகார் எழுதிப் போட்டுவிட்டார்.

பார்சல் வேனில் ஐஸோடு போகிறவர் ஒரே ஒருவர். போர்ட்டர் முனியாண்டி. கிராணியைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் திறக்காதவர். வழியில் ஐஸை உடைத்து விற்கிறார் என்று முடிவுகட்டினார்கள். திங்கட்கிழமை விசாரணை. விசாரணை என்று பேர்தான். கப்பல் டிக்கெட் தயார் என்று தலைமைக் கிராணியே சொன்னார்.

முனியாண்டி பார்சல் ஆபீஸ் ஜன்னலோரம் வந்து நின்றார். "நான் எடுக்கல கிராணி. அனுப்பினா நான் போயிடுவேன். பிள்ளைங்க நாலும் இங்க பொறந்ததுங்க. அதுங்களுக்கு ஊருன்னா இந்த லயத்து வீடுதான். அங்க கொண்டுபோய் எந்த வாசல்ல இறக்கி விடுவேன்?"

"அழாத முனியாண்டி. கணக்குப் போட்டுருவோம்" என்றார் இவர்.

ஒரு குடும்பமே கடல் தாண்டப்போகிறது, இவர் கணக்குப் போடப்போகிறார். எனக்கு எரிச்சல். ஆனால் போட்டார். பழுப்புத் தாளில் பெருக்கி, என் முன்னால் நீட்டினார். "கூடுதலா உருகினது நாப்பது ராத்தல். பெருக்கல் நூத்தி நாப்பத்து நாலு. ஐயாயிரத்து எழுநூத்தி அறுபது பேர் டிக்கெட் இல்லாம அந்த வேன்ல தினமும் ஏறுறாங்க. யாருன்னு பிடிக்கணும்."

"இல்லன்னா முனியாண்டி எடுத்திருக்கணும்."

"எடுத்தாரா, உருகிச்சா, தண்ணி சொல்லிடும்."

சனிக்கிழமை லீவு போட்டார். என்னையும் போட வைத்தார். ஐஸுக்கு அடியில் துத்தநாகத் தட்டு வைத்து, தட்டில் ஓட்டை போட்டு, ஓட்டைக்குக் கீழே மண்ணெண்ணெய் டின். நாங்கள் இரண்டு பேரும் முனியாண்டியோடு வேனில் குந்திக்கொண்டு கிள்ளானுக்குப் புறப்பட்டோம். ஐஸைச் சுற்றிக் கடலை மூட்டைகள். நல்ல வாசனை. சாக்கில் சின்னக் கிழிசல் ஒன்று இருந்தது. நான் இவருக்குத் தெரியாமல் இரண்டு வாய் போட்டுக்கொண்டேன். இவர் சொட்டுகிற தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் பெட்டாலிங் தாண்டியதிலிருந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைப்பார், மங்கும். மறுபடி துடைப்பார்.

"எனக்குப் பார்வை போயிட்டிருக்குப்பா" என்றார் பத்து தீகா வந்தபோது.

கிள்ளானில் நிறுத்தோம். ஐஸ் இருநூற்று முப்பது. அப்படியானால் உருகியது எழுபது. தண்ணீரை நிறுத்தோம். எழுபத்து நாலரை.

இவர் தராசைத் தட்டிப் பார்த்தார். மறுபடி நிறுத்தார். அதே எழுபத்து நாலரை.

"எழுபது ராத்தல் ஐஸ் உருகினா எழுபது ராத்தல் தண்ணிதானே?" என்றேன்.

"ஆமா."

"அப்ப மேல நாலரை?"

"நாலரை இல்ல, அஞ்சு. அரை ராத்தல் என் வேட்டியில இருக்கு" என்று ஈரத்தைப் பிழிந்து காட்டினார். பிறகு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முனியாண்டி திருடவில்லை என்பது தெளிவு. ஆனால் இந்த ஐந்து ராத்தல் எங்கிருந்து வந்தது?

அந்த நேரம் அதே வண்டியில் வந்திருந்த கடலைக்காரர் சுப்பையா தன் இரண்டு மூட்டையை எடுத்துக்கொள்ள வந்தார். பாசாரில், அதாவது சந்தையில், கச்சாங் பூத்தே என்கிற கடலை விற்கிறவர். மூட்டையை நிறுத்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். "வீட்டுல நிறுத்துத்தான் ஏத்துறேன். தினமும் இங்க வந்தா அஞ்சு ராத்தல் குறையுது. வேன்ல யாரோ நல்லாத் திங்கிறாங்க லா."

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். இவர் எழுந்து போய் மூட்டையில் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"சுடுது."

"அவிச்ச கடலை சுடாம என்ன செய்யும்?"

"பச்சைக் கடலை தானே அனுப்புவீங்க?"

"அது போன மாசம். இங்க வீட்டுக்காரர் அடுப்பு வைக்கக் கூடாதுன்னுட்டாரு. பத்துப் பன்னெண்டு நாளா பிரிக்பீல்ட்ஸ்லயே அவிச்சு, சூட்டோட கட்டி ஏத்திடறேன்."

இவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அதில் முத்து முத்தாகத் தண்ணீர். கடலையிலிருந்து கிளம்பிய ஆவி கண்ணாடியில் அமர்ந்ததுபோல ஐஸ் மேலும் அமர்ந்து தண்ணீராகியிருக்கிறது. அத்தனை சூட்டையும் அங்கேயே இறக்கியிருக்கிறது. அங்கேயே விரலால் தரைத் தூசியில் எழுதினார். ஒரு ராத்தல் ஆவி தண்ணீராவதற்குத் தொள்ளாயிரத்து எழுபது. அந்தக் கொதிதண்ணீர் ஐஸ் அளவுக்குக் குளிர நூற்றெண்பது. ஆக ஆயிரத்து நூற்றைம்பது. நூற்று நாற்பத்து நாலால் வகுத்தால் எட்டு. ஒரு ராத்தல் ஆவி எட்டு ராத்தல் ஐஸை உருக்கும். ஐந்தெட்டு நாற்பது.

நான் கை தட்டாத குறை. "பிடிச்சுட்டீங்களே."

இவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. முனியாண்டியைப் பார்த்தார். "இந்த மூட்டையை ஏன்யா ஐஸை ஒட்டி அடுக்கினே?"

முனியாண்டி தலையைச் சொறிந்தார். "நீங்கதானே கிராணி சொன்னீங்க. மரத்தூள் வராமப் போனப்ப, கடலைச் சாக்கைச் சுத்தி அடுக்கு, வெளிச் சூடு உள்ள போகாதுன்னு சொன்னீங்க."

"அப்ப பச்சைக் கடலைடா."

"அப்புறம் சுட ஆரம்பிச்சது. சுடுதேன்னு நானும் நினைச்சேன். கிராணி கணக்குப் போடாமயா சொல்லியிருப்பாருன்னு விட்டுட்டேன்."

சூட்டின் வரவு போக்கெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த மனிதர், ஆபீசில் உட்கார்ந்து 'கடலை, இரண்டு மூட்டை' என்று எழுதினாரே தவிர, எழுந்து போய் ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வண்டியில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முனியாண்டிதான் முதலில் பேசினார். "மூட்டையை நானா அடுக்கினேன்னு சொல்லிடறேன் கிராணி. உங்க பேரு எதுக்கு நடுவுல? திருடலன்னு ஆனாலே எனக்குப் போதும்."

நானும் சேர்ந்துகொண்டேன். "அதான் சரி. மேல ஆளைத் தூக்கக் காரணம் தேடிட்டிருக்காங்க. நீங்களாப் போய் கழுத்தை நீட்டாதீங்க. ஐஸ் உருகிச்சுன்னு காட்டுங்க, யார் அடுக்கச் சொன்னதுங்கிறதை விட்டுருங்க."

இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அதை மறைச்சா வாத்தியார் சொன்ன அர்த்தம் சரியாயிடும். லேட்டா வரலாம்பா. வராம இருக்கக் கூடாது."

திங்கட்கிழமை டின்களோடு துரை அறைக்குள் போனோம். தண்ணீர் கூடியிருப்பதைச் சொன்னார். கண்ணாடியைச் சொன்னார், சுப்பையாவின் ஐந்து ராத்தலைச் சொன்னார், எட்டைச் சொன்னார். துரை பென்சில் எடுத்துத் தானே ஒரு முறை வகுத்துப் பார்த்தார். விடை வந்ததும் புருவம் ஏறியது. முனியாண்டியைப் பற்றிய தாளை எடுத்து மேசைக்குள் போட்டார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு துரை தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "நல்லது. அந்த மூட்டை அங்கே வை, யார் சொன்னது?"

"நான்தான் தொரை, நானா வச்சேன்" என்றார் முனியாண்டி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பத்து வருஷத்தில் அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

லேட்டு கிராணி ஒரு அடி முன்னால் வந்தார். "அவர் பொய் சொல்றார் தொரை. அடுக்கச் சொன்னது நான். தொட்டுப் பாக்காம நாற்காலியில உக்காந்தபடி சொன்னேன். தப்பு என்னோடது."

துரை பென்சிலை மேசை மேல் உருட்டினார். கடைசியில் முனியாண்டி வேலையில் இருக்கலாம் என்றார். கிராணிக்குப் பார்சல் ஆபீஸ் இனிமேல் கிடையாது. நாளையிலிருந்து கூட்ஸ் ஷெட்டில் வெயிலில் நின்று வேகன் நம்பர் எழுத வேண்டும். கப்பல் இல்லை. நாற்காலியும் இல்லை.

"சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு இவர் மேசைப் பக்கம் போய், நிறைந்த டின் ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். ஒரு கிராணி சுமை தூக்கி அந்த ஸ்டேஷன் பார்த்ததில்லை. முனியாண்டி பதறி ஓடி வந்தார். "விடுங்க கிராணி, நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க அதை எடுங்கண்ணே. இது நான் தூக்க வேண்டியது."

அண்ணே என்று அவர் சொன்னது வாசலில் நின்ற தலைமைக் கிராணிக்கும் கேட்டது. அவர் ஒதுங்கி வழி விட்டார். இஸ்திரி போட்ட கோட்டு மேல் தண்ணீர் தளும்பித் தளும்பி வழிய, இவர் அந்த நீளப் பிளாட்பாரத்தில் நடந்தார். வழுக்கிவிடப் போகிறாரே என்று நான் பின்னாலேயே போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்காமல், கையை உதறாமல், அவர் நடந்துகொண்டே இருந்தார்.